மேரிகோல்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மடல் 1

குழுவினருக்கு வணக்கம். 11-ஆம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். பள்ளித் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை எழுத வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார். டாஜெடஸ் எரெக்டா என்ற அறிவியற்பெயர் கொண்ட செடியில் வந்து நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் 'ஆப்பிரிக்கன் மேரிகோல்டு'. செடி வந்ததோ மெக்சிகோவிலிருந்து. 'மேரியின் பொன்' என்று பெயர்த்தால் யாருக்குப் புரியும்? பிள்ளைகள் செண்டுமல்லி என்கிறார்கள். "இதுல மல்லி எங்க டீச்சர் இருக்கு?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

மடல் 2

துலுக்கச் சாமந்தி என்றொரு பெயர் உண்டு அம்மா. பறங்கிக்காய், சீமைக் கருவேலம் மாதிரிதான். மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். யார் கொண்டுவந்ததாக நினைத்தோமோ அவர் பெயரை ஒட்டிவிட்டோம். இன்று அதைப் பள்ளிப் பலகையில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இதன் பெயர் 'செம்போவல்சோச்சித்ல்'. அந்தச் 'செம்' நம் செம்மையேதான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மடல் 3

இல்லை ஐயா. அங்கே 'செம்' என்றால் ஒன்று. 'செம்போவல்லி' இருபது, 'சோச்சித்ல்' பூ. 'இருபது பூ' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் பூவை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நேற்று வாடிய பூ ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். இதழ் என்று நாம் உருவுகிற ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாக, ஊசிபோல் ஒரு விதை. அத்தனையும் தனித்தனிப் பூ! செண்டு என்றால் பந்து, பூங்கொத்து. நம் மக்களின் 'செண்டு' என்ற சொல்லும் கொத்தைத்தான் குறிக்கிறது. பலகையோடு நிறுத்துவானேன்? இப்படிப் பல சிறுபூக்கள் ஒரே பூப்போலச் சேர்ந்திருப்பதைப் பாடநூல் 'தலைமஞ்சரி' என்கிறது; அதற்கே 'செண்டு' என்று வைப்போம். 'மஞ்சரி' வடசொல்.

மடல் 4

வடசொல்லானாலும் மாணவர்களுக்குப் பழகிய சொல். மூக்குத்திப்பூவும் இதே குடும்பம். காதுத் திருகாணி அளவுப் பூ, அதையும் செண்டு என்பீர்களா? செண்டுக்கு வேறு பொருளும் உண்டு. ஐயனாருக்குச் செண்டாயுதன் என்று பெயர். அந்தச் செண்டு பூவா, வளைந்த கோலா? அதைத் தீர்க்காமல் கலைச்சொல் ஆக்கக் கூடாது.

மடல் 5

ஐயனாருக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நானும் வருகிறேன். இப்போதைக்குப் பலகையில் 'செண்டுமல்லி', கீழே அறிவியற்பெயர். மல்லியை எடுத்துவிட்டால் தோட்டக்காரருக்கே அடையாளம் தெரியாது. வகுப்பில் தலைமஞ்சரி என்று எழுதிப்போட்டு, செண்டு என்று விளக்குகிறேன். மூவர் சரி என்றிருக்கிறீர்கள்.

மடல் 6

நான் அந்த மூவரில் இல்லை. பிள்ளை தேர்வில் 'செண்டு' என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?