புதுப்பிப்பு: ஹட்டனில் பார்த்த கலர் கைடு போலியே

ஹட்டனில் பழைய பொருள் வியாபாரி ஒருவர், 1970களின் அமெரிக்க காமிக்ஸுக்கான கலர் கைடு என்று ஒரு தாளை விற்பனைக்கு வைத்திருப்பதாக எழுதியிருந்தேன். நேற்றுப் பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்தேன். போலி.

கலர் கைடு என்பது எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று அச்சகத்துக்குச் சொல்லும் தாள். அக்காலத்தில் மையால் வரைந்து முடித்த பக்கத்தைச் சிறிதாக நகலெடுத்து, அதன்மேல் வண்ணக் கலைஞர் தூரிகையால் சாயம் பூசி, அச்சுக்கான குறியீடுகளை எழுதுவார். ஒய் மஞ்சள், ஆர் சிவப்பு, பி நீலம்; எழுத்தையடுத்து 2 வந்தால் 25 சதவீதம், 3 வந்தால் 50, எழுத்து மட்டும் என்றால் முழு நிறம்.

இந்தத் தாளில் முகம், சட்டை, வானம் என்று வண்ணமுள்ள இடமெல்லாம் சாயத்துக்கு அடியில் வரிசை தவறாத சின்னப் புள்ளிகள். அச்சான புத்தகத்திலிருந்து நகலெடுத்தால்தான் அவை வரும். கலர் கைடோ அச்சுக்கு முன்பே பிறப்பது. அதைவிட வேடிக்கை, நீல வானத்துக்கு ‘ஒய்ஆர்’ என்று எழுதியிருந்தது. அதன்படி அச்சிட்டிருந்தால் வானம் செக்கச்செவேலென்று வந்திருக்கும்.

வயதான தாள் பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். இது எங்கும் ஒரே பழுப்பு. தேயிலைச் சாயத்தில் முக்கியெடுக்க மலையகத்தில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்!

ஒளிர்ந்தால் புதுத்தாள் என்று புறஊதா விளக்கில் பார்க்கச் சொன்ன தம்பிக்கு: தாள் ஒளிர்ந்தது. ஆனால் அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டிகள் (தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்ப்பவை) 1950களிலேயே தாளுக்கு வந்துவிட்டன. அதை மட்டும் வைத்து 1970களின் தாளைப் போலி என்று சொல்ல முடியாது.

“கொழும்பிலிருந்து வந்த சரக்கு தம்பி, எனக்கென்ன தெரியும்” என்ற வியாபாரி பாதி விலைக்கு இறங்கினார். நான் வாங்கவில்லை.