வேலை போன பிறகு யாரிடம் பேசினீர்கள்? நெல்லைச் சீமை அனுபவங்கள்

பாளையங்கோட்டை, சாஃப்ட்வேர் டெஸ்டிங், 31 வயது

சென்னையில் 7 வருஷம் இருந்த கம்பெனியில் எங்கள் டீமையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய அன்று அம்மாவிடம் "இனி வீட்டிலிருந்தே வேலை" என்று சொல்லிவிட்டேன். 3 மாசம் அந்தப் பொய்யிலேயே ஓடியது. தினமும் லேப்டாப்பைத் திறந்து நௌக்ரி, லிங்க்ட்இன் என்று விண்ணப்பம் போடுவேன். 200க்கு மேல் போட்டிருப்பேன், பதில் வந்தது 4. எனக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம் அது. தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் அன்று சாயங்காலமே பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வண்ணார்பேட்டையில் மோட்டாருக்கு காயில் கட்டும் அண்ணாச்சி ஒருவர், அப்பாவுக்குப் பழக்கம். மிக்சி கொடுக்கப் போனேன். "எய்யா, மூணு மாசமா ஊர்லயே கெடக்கியே, லீவா?" என்றார். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. கேட்டுவிட்டு முகம் சுளிக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இங்கன இரு. நீ என்ன வேல பாக்கேன்னு எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு."

சொல்ல முடியாமல் திணறினேன். ரெஸ்யூமில் 2 பக்கம் எழுதியிருந்தது அந்தக் கடையில் ஒரு வரிகூட எடுபடவில்லை. கடைசியில், "பேங்க்கோட மொபைல் ஆப் ஜனங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி அதுல எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை" என்றேன். அண்ணாச்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஓர் ஆலையின் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர் அவர் வாடிக்கையாளர். அந்த இன்ஜினீயரின் மச்சினர் கோயம்புத்தூரில் கூட்டுறவு வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் சின்ன கம்பெனியில் இருக்கிறார்.

அவருக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் இதுதான்: "வணக்கம் சார். இன்னார் உங்கள் நம்பரைத் தந்தார். பேங்க் மொபைல் ஆப் டெஸ்டிங்கில் 7 வருஷ அனுபவம். உங்கள் பக்கம் இப்போது எந்த மாதிரி ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள 10 நிமிஷம் பேசலாமா?" ரெஸ்யூமை அதோடு அனுப்பவில்லை. 'வேலை இருக்கா' என்று கேட்டால் 'இல்லை' என்ற ஒரே சொல்லில் அவர் பேச்சை முடித்துவிடலாம். நிலவரம் கேட்டதால் 40 நிமிஷம் பேசினார். 5 வாரம் கழித்து அங்கே ஒருவர் விலக, என்னைக் கூப்பிட்டார்கள். அந்த இடத்துக்கு விளம்பரமே வரவில்லை. தேர்வும் 2 சுற்று நேர்காணலும் எல்லோருக்கும் போலத்தான். சம்பளம் சென்னையைவிடக் குறைவு, சேர்ந்துவிட்டேன்.

என் நெருங்கிய கூட்டாளிகள் எல்லாம் என்னோடு வேலை பார்த்தவர்கள், என்னோடு சேர்ந்தே தேடிக்கொண்டிருந்தவர்கள். எனக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டன் பக்கத்து நியூட்டன் ஊரில் இதைக் கணக்கெடுத்து 1973இல் எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், வாரம் இரண்டு முறையாவது பார்க்கிறவர் மூலம் கிடைத்தது 100க்கு 17 பேருக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தரமோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர் மூலம் 28 பேருக்கு. மற்றவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே, எப்போதாவது பார்க்கிறவர் மூலம். படித்ததும் அண்ணாச்சி கடை ஸ்டூல்தான் கண்ணில் நின்றது.

கடையநல்லூர், ஏசி மெக்கானிக்

தெரிந்தவர் மூலம் வேலை தேடியது எனக்குக் கெடுதலாகவும் முடிந்திருக்கிறது. வளைகுடா வேலை என்று ஓர் ஏஜென்ட் நம்பர் கொடுத்தது எங்கள் பெரியம்மா மகன். சொந்த அண்ணன் சொல்லும்போது என்ன விசாரிக்க? 80,000 ரூபாய் கொடுத்தேன். விசாவும் இல்லை, பணமும் இல்லை. அண்ணனும் ஏமாந்தவர்தான், அவரைக் குறை சொல்ல மனசில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் பெயர் அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கும். விதிப்படி அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. யார் சொல்லி வந்த நம்பராக இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கங்கைகொண்டான், ஷிஃப்ட் சூப்பர்வைசர்

ரெஸ்யூமைக் கொண்டுபோய் உள்ளே கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன். ஊர்க்காரப் பையன் ஒருத்தனுக்காக எச்ஆரிடம் நின்று பேசினேன். நேர்காணலுக்கு வரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. அதன்பிறகு ஒரு வருஷம் நான் சொன்ன எந்தப் பெயரையும் அவர்கள் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு வருஷத்தில் நல்ல பையன்கள் 3 பேருக்கு என்னால் உதவ முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. கிடைத்தாலும் சொல்லுங்கள், கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை (மறுபடியும்)

பெண் வீட்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். அண்ணாச்சியிடம் சொன்ன மறுநாளே அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாவ. அந்த வாரமே நானே பெண் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மில்லு மூடுன வருசம் நானும் எட்டு மாசம் வீட்லதான் இருந்தேன், தம்பி" என்றார். பிறகு உள்ளே போய், பழைய டைரி ஒன்றை எடுத்து வந்து 2 நம்பர் எழுதிக் கொடுத்தார்.