செவலை யார் வீட்டு நாய்?

குழு: மேட்டுத் தெரு உறவுகள் (தொப்பூர் பக்கம், தர்மபுரி மாவட்டம்)
வெள்ளிக்கிழமை

பால்கார அண்ணன், 7:12
எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். சாயங்காலம் ஸ்டேஷனில் பால் ஊற்றும்போது ஒரு சேதி சொன்னார்கள். வருகிற வாரம் நாய் பிடிக்கிற வண்டி வருகிறதாம். பிளாட்பாரத்தில் எந்த நாய் இருந்தாலும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். செவலையும் அந்தக் கணக்கில்தான்.

கம்பெனி அக்கா, 7:14
செவலையையா? அது யாரைக் கடித்தது?

பால்கார அண்ணன், 7:15
கடித்ததா இல்லையா என்பது கேள்வியே இல்லையாம். ஸ்டேஷனில் தெருநாய் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நாமக்கல் பாப்பா, 7:21
அது உச்ச நீதிமன்ற உத்தரவு அண்ணா. 2025 நவம்பர் 7-ல் வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். 2023-ல் வந்த விலங்குக் கருத்தடை விதிகளின்படி பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். இந்த இடங்களில் மட்டும் இனி அப்படி விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கோடி வீட்டு அத்தை, 7:26
நான் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த உத்தரவு எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. என் பேரனைச் சந்தைக்குப் பக்கத்தில் நாய் கடித்தபோது அவனைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு அலைந்தவள் நான். இன்றைக்கும் நாயைக் கண்டால் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறான்.

கம்பெனி அக்கா, 7:28
அத்தை, நீங்கள் பட்டது தெருவுக்கே தெரியும். யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். ஆனால் செவலை எங்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் கேளுங்கள்.

ஓசூரிலிருந்து ராத்திரி வண்டியில் வந்து இறங்குகிற பெண்கள் நாங்கள் ஐந்தாறு பேர். ஸ்டேஷனைத் தாண்டினால் ஊர் வரை இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், ஒரு விளக்கு கிடையாது. வண்டி நிற்கும்போதே செவலை வந்துவிடும். கடைசி ஆள் இறங்குகிற வரை அங்கேயே நிற்கும். அப்புறம் எங்களுக்கு முன்னால் நடக்கும். முனியப்பன் கோயில் வரைதான் வரும், அதற்கு மேல் ஒரு அடி வராது. கோயில் வாசலில் நின்று நாங்கள் தெரு விளக்குக்கு வந்துவிட்டோமா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஒரு நாள் செருப்பு அறுந்து நான் பின்தங்கிவிட்டேன். முன்னால் போனவர்களை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றது. வாரை முடிந்து நான் எழுந்து நடக்கிற வரை நகரவில்லை. அப்புறம் ஓடிப்போய் முன்னால் போனவர்களை மறித்து நிறுத்திவிட்டது. இதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை அத்தை.

சென்னைத் தம்பி, 7:33
சென்னை பார்க் டவுன் ஸ்டேஷனில் சின்னப்பொண்ணு என்று ஒரு நாய் இருந்தது. யாரோ விட்டுவிட்டுப் போன நாய். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறவர்களையும் தண்டவாளத்தைக் கடக்கிறவர்களையும் பார்த்தால் ஆர்.பி.எஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆட்களோடு சேர்ந்து குரைக்கும். 2019-ல் ரயில்வே அமைச்சகமே அதன் வீடியோவைப் போட்டது. இங்கிலாந்தில் ஸ்லவ் என்ற ஸ்டேஷனில் ஜிம் என்று ஒரு நாய், முதுகில் உண்டியலோடு நடக்கும். இறந்துபோன ரயில்வேக்காரர்களின் மனைவி, பிள்ளைகளுக்கான நிதிக்கு வசூல். காசு போட்டால் ஒரு குரை. 1896-ல் அது செத்த பிறகு பாடம் செய்து அந்த பிளாட்பாரத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

பால்கார அண்ணன், 7:35
நம் செவலைக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டாம் தம்பி. உயிரோடு இங்கே இருந்தால் போதும்.

டிராக்மேன் மாமா, 7:48
டியூட்டிக்குக் கிளம்பும் நேரம். ஆனாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

மழைக்காலத்து ராத்திரி ரோந்து எப்படி இருக்கும் என்று நம் தெருவில் அதே வேலை பார்த்த மேஸ்திரி மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தோளில் பை, அதற்குள் டெட்டனேட்டர், ஆபத்து என்றால் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கிற வெடி. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் சிவப்பு பச்சை விளக்கு. மலையை வெட்டி லைன் போட்ட கட்டிங்குக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் பாறைதான். மழைச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. செவலை எனக்குப் பத்தடி முன்னால் போகும். தண்டவாளத்துக்கு நடுவில் நடக்காது, ஜல்லியின் ஓரமாகத்தான் நடக்கும். பாம்பு கிடந்தால் அதற்கு ஒரு குரல், ஆள் நின்றால் வேறு குரல். வண்டி வருவது எனக்குத் தெரியும் முன்பே ஒதுங்கி என்னைத் திரும்பிப் பார்க்கும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி கட்டிங் வாயிலேயே நின்றுவிட்டது. கூப்பிட்டேன், வரவில்லை. குரைக்கவும் இல்லை. காதை விறைத்துக்கொண்டு மேட்டையே பார்த்தது. சரி, ஏதோ இருக்கிறது என்று நானும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சரளை இறங்கியது. அதன் பின்னாலேயே உரல் பருமனில் ஒரு கல் வந்து பக்கத்து வாய்க்காலில் விழுந்தது. தண்டவாளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேஷனுக்குச் சொன்னேன், அடுத்த வண்டியை மெதுவாக விட்டார்கள். காலையில் லைன் வேலை பார்க்கும் கேங் வந்து மேட்டில் தொங்கிய கல்லையெல்லாம் இடித்துத் தள்ளியது. நான் நடந்து போகிற பாதையே அந்த வாய்க்கால் ஓரம்தான். செவலை நின்றதால்தான் இன்றைக்கு என் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறான்.

கோடி வீட்டு அத்தை, 7:51
இதை நீ சொல்லவே இல்லையே தம்பி.

டிராக்மேன் மாமா, 7:52
வீட்டில் பயப்படுவார்கள் என்று சொல்லவில்லை அக்கா.

மேஸ்திரி பெரியப்பா, 7:59
அந்த மேட்டை லேசாக நினைக்கக் கூடாது. 2021 நவம்பர் 12, விடியற்காலை 4 மணிக்குக் கொஞ்சம் முன்னால், தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் வண்டி மேல் பாறை விழுந்து பெட்டிகள் தடம் இறங்கின. உள்ளே 2,300 பேருக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தது தெய்வச் செயல்.

லைனில் கல் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? விளக்கைக் காட்டிக்கொண்டே வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர் வைக்க வேண்டும். இன்னும் ஓடி 1,200 மீட்டரில் மூன்று, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில். சக்கரம் ஏறினால் வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் பிடிப்பார். மழையில், இருட்டில், ஜல்லி மேல் 1,200 மீட்டர் ஓடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓடியவனுக்குத்தான் தெரியும். ஒரு நிமிஷம் முன்னால் தெரிந்தால் அந்த ஒரு நிமிஷம் எத்தனையோ உயிர். நான் வேலை பார்த்த காலத்தில் எனக்கு இப்படி ஒரு துணை இல்லை.

நாமக்கல் பாப்பா, 8:04
பெரியப்பா, நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும் என்று எங்கள் கால்நடை மருத்துவப் பாடத்திலேயே இருக்கிறது. மேலே கல் அசையும் சின்னச் சத்தம் மாமாவுக்கு முன்னால் அதற்குக் கேட்டிருக்கும்.

இப்போது வழி சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 22-ல் வந்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சியில் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. தத்தெடுத்த பிறகு அது மறுபடியும் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. செவலைக்கு ரேபிஸ் ஊசி போன முறை ஊருக்கு வந்தபோது நானே பக்கத்தில் இருந்து போட வைத்தேன். வருஷா வருஷம் போட வேண்டும். கருத்தடை இன்னும் ஆகவில்லை. நாய் பிடிக்கிற வண்டி வருவதற்குள் யாராவது ஒரு வீட்டார் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது வீட்டு நாய்.

கம்பெனி அக்கா, 8:06
நான் எடுப்பேன். ஆனால் பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும்.

டிராக்மேன் மாமா, 8:07
எனக்கு வாடகை வீடு. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மேஸ்திரி பெரியப்பா, 8:11
என் பெயரில் எழுதுங்கள். வாசலில் திண்ணை இருக்கிறது, கொல்லையில் வேப்பமரம் இருக்கிறது, பகலில் வீட்டில் இருப்பதும் நான் ஒருவன்தான். ராத்திரி வண்டி நேரத்துக்கு நானே கயிற்றில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்கிறேன். பெண்களை முனியப்பன் கோயில் வரை அல்ல, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறோம்.

கம்பெனி அக்கா, 8:12
பெரியப்பா 🙏🙏

கோடி வீட்டு அத்தை, 8:16
ஊசி, பெல்ட் எல்லாம் ஒழுங்காக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளைகள் விளையாடும் நேரம் கட்டிப் போடுங்கள். என் பேரனை ஒரு நாள் கூட்டி வருகிறேன், தூரத்தில் நின்று பார்க்கட்டும். கட்டாயப்படுத்தி யாரும் தொட வைக்காதீர்கள்.

மேஸ்திரி பெரியப்பா, 8:17
வைக்க மாட்டோம் அம்மா. அவனாக வரட்டும்.

பால்கார அண்ணன், 8:19
அப்போது மாமாவோடு ரோந்து?

டிராக்மேன் மாமா, 8:23
இரண்டு கையிலும் சாமான், கயிறு எதில் பிடிப்பது? அவிழ்த்து விட்டால் மறுபடியும் ஸ்டேஷன் நாய் என்று பிடித்துக்கொள்வார்கள். இனி நான் தனியாகத்தான் போக வேண்டும். எனக்குக் கஷ்டம்தான், மறைக்கவில்லை. கம்பிக் கூண்டுக்குள் அது கிடப்பதை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

மேஸ்திரி பெரியப்பா, 8:25
மழை ராத்திரியில் கட்டிங்குக்குள் போகும் முன்னால் ஒரு போன், வெளியே வந்ததும் ஒரு போன். நான் விழித்திருப்பேன்.

டிராக்மேன் மாமா, 8:26
சரி மாமா.

நாமக்கல் பாப்பா, 8:30
நாளைக் காலை கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போய்க் கருத்தடைக்கு நாள் கேளுங்கள். ஊசி போட்ட அட்டை எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அம்மா எடுத்துத் தருவார்கள். விண்ணப்பத்தோடு அதன் நகலும் பெரியப்பாவின் ஆதார் நகலும் வையுங்கள். ஒரு போட்டோவும் வேண்டும், இடது காதில் இருக்கும் வெள்ளைப் புள்ளி தெரிகிற மாதிரி.

டிராக்மேன் மாமா, 8:32
ரோந்து முடித்து 6 மணிக்கு வந்துவிடுவேன். வேறு யார் கூப்பிட்டாலும் அவ்வளவு தூரம் வராது. நானே நடத்திக் கூட்டி வருகிறேன்.

பால்கார அண்ணன், 8:33
பெல்ட் நான் வாங்கி வருகிறேன். என்ன அளவு மாமா?

டிராக்மேன் மாமா, 8:34
பதினெட்டு அங்குலம். தோல் வேண்டாம், மழையில் நனைந்தால் விறைத்துக் கழுத்தை அறுக்கும். நைலான் வாங்கு.