ஆப்பிரிக்க நகரங்களின் பேரிடர் ஆயத்தநிலையை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி – திட்டமிடல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக ஃப்ரீடவுன் (சியரா லியோன்), பெய்ரா (மொசாம்பிக்), டர்பன் (தென்னாப்பிரிக்கா) ஆகிய மூன்று நகரங்களின் பேரிடர் ஆயத்தநிலையை ஒப்பிட்டு வருகிறேன். ஐக்கிய நாடுகளின் பேரிடர் இடர் தணிப்பு அலுவலகம் நகரங்களுக்கென வெளியிட்டுள்ள மதிப்பெண் அட்டையை அடிப்படையாகக் கொண்டுள்ளேன். அதன் முதல்நிலைப் படிவத்தில் பத்து தலைப்புகளின்கீழ் 47 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடவேண்டும்.

கிடைத்த ஆவணங்களை வைத்து நிரப்பிப் பார்த்ததில் டர்பன் மற்ற இரண்டையும் வெகுதூரம் முந்திவிட்டது. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியும் பேரிடர்த் திட்டம் வைத்திருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. ஆகவே திட்டம், அலுவலகம், பொறுப்பு அதிகாரி என்று கேட்ட எல்லாவற்றுக்கும் அங்கே ‘உண்டு’ என்றே எழுத முடிந்தது. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். என் அட்டவணை எதை அளக்கிறது என்ற ஐயம் எனக்கே வந்துவிட்டது. இழப்புத் தரவுகளைச் சேர்த்தால் சரியாகுமா, அல்லது அளவுகோலையே மாற்றவேண்டுமா?

மறுமொழி – பழைய மதிப்பீட்டாளர்

அந்த அட்டை நகரங்களை வரிசைப்படுத்துவதற்காக உருவானதன்று. ஒரே நகரத்தின் துறைகளை ஒரே மேசைக்கு வரவழைப்பதே அதன் முதல் பயன். மதிப்பெண்ணை இடுவோரும் அந்தத் துறையினரே. கிழக்கு ஆப்பிரிக்காவில், பெயர் வேண்டாம், ஒரு நகரத்தில் நடந்த அத்தகைய கூட்டத்தில் நானும் இருந்தேன். தீயணைப்புத் துறையினர் சந்தைப் பகுதியில் தீயணைப்புக்கான நீர்க்குழாய்கள் இருப்பதாக வரைபடத்தைக் காட்டி 3 மதிப்பெண் கேட்டார்கள். குடிநீர் வாரியத்திலிருந்து வந்திருந்த பொறியாளர், அந்தக் குழாய்களில் மாலைக்குப் பின் அழுத்தமே இருப்பதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இரு துறைகளும் அதுவரை இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அரை மணி நேரத் தர்க்கத்துக்குப் பின் படிவத்தில் ‘2’ என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போனார்கள். அன்றைய கூட்டத்தின் ஒரே கண்டுபிடிப்பு அந்தத் தர்க்கம்தான். அறிக்கையில் அது இடம்பெறவில்லை.

லிபியாவின் டெர்னா நகரத்தையும் எண்ணிப் பாருங்கள். நகரின் நடுவே ஓடும் வாடிக்கு (மழையில் மட்டும் நீரோடும் வறண்ட ஆற்றுப் பள்ளம்) மேற்புறத்தில் 1970களில் கட்டிய இரு அணைகளுக்கும் பராமரிப்பு தேவை என்றும், பெருவெள்ளம் வந்தால் பேரழிவு நேரும் என்றும் அந்நாட்டு நீரியல் ஆய்வாளர் ஒருவர் 2022இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார். 2023 செப்டம்பர் 10–11 இரவில் டானியல் புயலின் மழையில் இரண்டும் உடைந்து, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ‘இடர் அறியப்பட்டுள்ளதா?’ என்ற கேள்விக்கு டெர்னா முழு மதிப்பெண் பெற்றிருக்கும். அறிந்ததன்மேல் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு, இரு அரசுகளாகப் பிளந்து கிடந்த நாட்டில் விடையே இல்லை.

மறுமொழி – ஓடைக்கரை

தங்கள் மூன்று நகரங்களில் டர்பனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நகரம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்ததே சிக்கலின் வேர். பாமியெட் ஓடையின் கரையில் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைக் குடியிருப்பு இருக்கிறது. அங்கு வசிப்போரும் மாநகராட்சி அலுவலர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறார்கள். கனமழை முன்னறிவிப்பு வந்தால் அது எளிய மொழியில் குழுவுக்குள் போகும்; ஓடையின் நீர்மட்டத்தைப் பார்ப்பவர்கள் பதிலுக்குப் படம் அனுப்புவார்கள்; அதன்பின் குடியிருப்பின் முன்னணியாளர்கள் கதவு கதவாகத் தட்டுவார்கள். 2022 ஏப்ரலில் அங்கே ஏராளமான வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே மாநகராட்சி, அதே திட்டம், அதே மழை. பிற இடங்களில் சரிவில் கட்டிய வீடுகள் மண்ணோடு இறங்கியபோது பலருக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை.

ஆகவே ஓர் எச்சரிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, அது புறப்படும் அலுவலகத்திலிருந்து கடைசி வீடு வரை நடந்து பாருங்கள் என்பதே என் யோசனை. எத்தனை பேர் கைமாறுகிறது, எந்த மொழியில் போகிறது, இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள், வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பொருள்கள் திரும்பக் கிடைக்குமா (பலர் வெளியேறாததற்கு இந்த அச்சமே காரணம்) என்று இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கேளுங்கள். சங்கிலி எந்த இடத்தில் அறுகிறதோ அதுதான் அந்நகரின் மதிப்பெண்.

சில வேளை அது தொடக்கத்திலேயே அறுந்திருக்கும். காங்கோவின் கோமா நகரில் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. 2002இல் நியிரகோங்கோ எரிமலையின் எரிகுழம்பு நகரின் நடுவே ஓடிய அனுபவமும் இருக்கிறது. ஆனால் உலக வங்கி வழியாக வந்த நிதி 2020இல் நின்றதும் கருவிகளின் தரவைப் பெற இணைய இணைப்புக்கே நிலையம் திண்டாடியது. 2021 மே 22 அன்று எரிமலை மீண்டும் வெடித்தபோது முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ‘நிலையம் உண்டா?’ என்பதற்கு ‘உண்டு’ என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது பாருங்கள்.

மறுமொழி – எண்களின் பக்கம்

முதல் மறுமொழியாளரோடு சற்றே மாறுபடுகிறேன். குறையுள்ள மதிப்பெண்ணானாலும் அது இருந்தால்தான் நிதித்துறையிடம் போய்ப் பணம் கேட்க முடியும். ‘தர்க்கம் நடந்தது’ என்று எழுதி நிதி வாங்கியவரை நான் கண்டதில்லை.

இழப்புத் தரவைப் பற்றி: உலகளவில் பெரிதும் எடுத்தாளப்படும் எம்-டாட் என்ற பேரிடர்த் தரவுத்தளத்தில் ஒரு நிகழ்வு இடம்பெற, பத்துப் பேராவது இறந்திருக்கவேண்டும், அல்லது நூறு பேராவது பாதிக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது நெருக்கடிநிலை அறிவிப்போ வெளிநாட்டு உதவிக்கான வேண்டுகோளோ இருக்கவேண்டும். ஒரு சந்தில் எட்டுக் குடிசைகள் எரிந்து இருவர் இறந்தால் அது கணக்கில் வராது. ஆப்பிரிக்க நகரங்களில் ஏழை மக்களை அரித்துத் தின்பவை பெரும்பாலும் இத்தகைய சிறு தீயும், முழங்கால் அளவு வெள்ளமும், அதன் பின்னே வரும் காலராவுமே. இறப்பு எண்ணிக்கையைக் கொண்டு ஆயத்தநிலையைத் திருத்தப் போனால் இவையனைத்தும் விடுபடும்.

இன்னொன்று, எது ‘பேரிடர்’ என்பதைப் படிவம் முன்னதாகவே முடிவு செய்துவிடுகிறது. 2017 மார்ச்சில் அடிஸ் அபாபாவின் கோஷே குப்பைமேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஆகஸ்டில் கம்பாலாவின் கிட்டீசி மேடு சரிந்தது. இவை எந்தத் தலைப்பின்கீழ் வரும்? குப்பை வேறொரு துறையின் கையில் அல்லவா இருக்கிறது!

ஆயத்தமாவதற்குச் செய்த வேலையே இடராக மாறுவதும் உண்டு. செனகலின் செயின்ட் லூயி நகரை 2003இல் ஆற்று வெள்ளம் சூழ்ந்தபோது, நீரைக் கடலுக்கு விரைந்து வடிக்க மணல்திட்டின் குறுக்கே நான்கு மீட்டர் அகலக் கால்வாய் ஒன்றை அவசரமாக வெட்டினார்கள். நகரம் தப்பியது. ஆனால் கடல் அந்த வெட்டைக் கிலோமீட்டர் கணக்கில் அகலமாக்கி, திட்டின்மேல் இருந்த மீனவக் குடியிருப்புகளை விழுங்கிவிட்டது. அந்த ஆண்டு மதிப்பிட்டிருந்தால் விரைவான நடவடிக்கைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்போம்.

கேள்வியாளரின் பதில் – திட்டமிடல் மாணவி

மிக்க நன்றி. அட்டையை விட்டுவிடாமல், ஒவ்வொரு நகரிலும் இரு குடியிருப்புகளைத் தேர்ந்து எச்சரிக்கையின் வழியைப் பின்தொடரலாம் என்று எண்ணுகிறேன். ஃப்ரீடவுனில் இது பொருந்துமா? 2017 ஆகஸ்ட் 14 அன்று ரீஜென்ட் பகுதியில் மலைச்சரிவு இறங்கியது அதிகாலையில். இறந்தோரும் காணாமற்போனோரும் ஆயிரத்துக்கு மேல். பெய்ராவுக்கும் ஏதேனும் சொல்ல முடியுமா?

மறுமொழி – ஓடைக்கரை

ஃப்ரீடவுனில் எச்சரிக்கையோடு நில அனுமதியையும் பின்தொடருங்கள். மலைச்சரிவில் மரங்களை வெட்டி வீடு கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லாமல் பெரும்பாலும் நடுவண் அமைச்சகத்தின் கையில் இருந்தது. மாநகராட்சியின் ஆவணங்களை மட்டும் பார்த்தால், அதனிடம் இல்லாத அதிகாரத்துக்காக அதைக் குறை கூற நேரும்.

பெய்ராவில் வடிகாலையும் எச்சரிக்கையையும் தனித்தனியே வையுங்கள். 2019 மார்ச்சில் இடாய் புயல் வருவதற்கு முன்பே சிவேவே ஆற்றைத் தூர்வாரி மழைநீர் வடிகால்களைச் சீரமைத்திருந்தார்கள்; ஆனால் காற்று கூரைகளைப் பிய்த்து, மின்சாரத்தையும் தொலைபேசியையும் அறுத்துவிட்டது. தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்தபின் செய்தி எப்படிப் போகும் என்பதே அங்கே கேட்கவேண்டிய கேள்வி.

வடிகாலை அளக்க, தான்சானியாவின் தார் எஸ் சலாமில் நடந்த ‘ரமணி ஹுரியா’ வரைபடப் பணி நல்ல முன்மாதிரி. மாணவர்களும் அப்பகுதி மக்களும் ஒவ்வொரு வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் அடைப்பையும் நேரில் அளந்து பதிந்தார்கள். பெய்ராவில் அந்த அளவுக்கு நேரம் இல்லையென்றால், மாநகராட்சியிடம் திட்ட ஆவணத்தைக் கேட்காமல், சென்ற மழைக்காலத்துக்கு முன் எந்தெந்த வடிகால் எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது, கூலி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டைக் கேளுங்கள்.