கோப்பையில் வந்த ரசம்: டேஸ்டிங் மெனு அனுபவங்கள்

தஞ்சாவூரான்:
சென்னை கிண்டியில், ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலிலுள்ள ‘ஆவர்த்தனா’ உணவகத்துக்குக் கல்லூரித் தோழர்கள் நால்வர் போயிருந்தோம். அங்கே டேஸ்டிங் மெனுதான்: எல்லாம் ஒன்றாக வராது, சமையலறை தீர்மானித்த வரிசையில் சிறு சிறு பதார்த்தங்களாக ஒன்றன்பின் ஒன்றாக வரும், அப்படி வரும் ஒவ்வொன்றும் ஒரு கோர்ஸ். ஏழு கோர்ஸ் மெனுவை எடுத்துக்கொண்டோம். காபித் தூளை அழுத்தி வடிகட்டும் பிரெஞ்சு பிரஸ் என்ற குடுவையில், கொத்தமல்லித் தழையோடு வந்த தக்காளி ரசத்தை எங்கள் கண்ணெதிரே அழுத்தி, காம்பு வைத்த மார்ட்டினி கிளாஸ் கோப்பைகளில் ஊற்றினார்கள். அடிமண்டி சிறிதும் இல்லாமல் தேநீர் போலத் தெளிந்திருந்த அதில் வாய் வைத்ததும், நால்வரும் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்போது, கும்பகோணத்துப் பக்கம் விவசாயம் பார்க்கும் எங்கள் நண்பன், பரிமாறிய இளைஞரிடம், “தம்பி, இதுக்குக் கொஞ்சம் சாதம் கிடைக்குமா?” என்று மிகவும் பணிவாகக் கேட்டான். அந்த இளைஞர் சிரிக்கவில்லை. நாங்கள் மூவரும்தான் சிரித்தோம். நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல், கோப்பையின் காம்பைப் பிடித்து இரண்டு விரல்களால் திருப்பிக்கொண்டே இருந்தான். அதற்குப் பின் வந்தவை என்னென்ன என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த விரல்கள்தாம் நினைவிலிருக்கின்றன.

மயிலாப்பூர்வாசி:
உங்கள் நண்பர் கேட்டதில் என்ன தவறு? ரசத்தைக் கோப்பையில் கொடுப்பதைப் பெரிய புதுமையாக நீங்கள் எழுதுவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. என் தாத்தா கல்யாணப் பந்தியில் உள்ளங்கையைக் குவித்து ரசம் வாங்கிக் குடிப்பார், அதை யாரும் கோர்ஸ் என்று சொன்னதில்லை.
நிற்க, என் கதை 2018-இல் பாங்காக்கில், இந்தியச் சமையல் கலைஞர் ககன் ஆனந்தின் பழைய உணவகத்தில் நடந்தது. 25 பதார்த்தங்கள், மெனுத் தாளில் எழுத்தே கிடையாது, எமோஜிகள் மட்டும். அவற்றுள் ஒன்றைத் தட்டோடு நக்கித்தான் சாப்பிட வேண்டும். வங்கியில் மேலாளராக இருக்கும் என் தோழி, இடமும் வலமும் பார்த்துவிட்டுத் தட்டைக் கண்ணாடி போல முகத்துக்கு நேரே தூக்கினாள். கீழே வைத்தபோது அவள் மூக்கு நுனியில் மசாலா ஒட்டியிருந்தது. எல்லோரும் நக்கினார்கள். நான் மட்டும், யாரும் பார்க்காத நேரத்தில், சுண்டுவிரலால் வழித்துத் தின்றேன். தட்டில் விழுந்த அந்தக் கோடு இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுப்பங்கரை:
ககனின் அதே உணவகத்தில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே தயிர் உருண்டை ஒன்று வந்தது. என் தம்பி அதை முன்பல்லால் கடித்துவிட, தயிர் அவ்வளவும் எதிரே இருந்தவருடைய சட்டையில் போய் விழுந்தது. ஸ்பெயினின் எல் புல்லி உணவகத்தில் சமையல் கலைஞர் ஃபெரான் அட்ரியாவின் குழுவினர் கையாண்ட முறை அது. ககன் அங்கே பயிற்சி பெற்றவர். கால்சியம் உள்ள தயிரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொருளின் கரைசலில் கரண்டியால் விட்டதும், மேலே மட்டும் மெல்லிய தோல் கட்டும், உள்ளே நீர்மமாகவே இருக்கும். ஆகவே முழுதாக வாயில் போட்டு, உதட்டை மூடிக்கொண்டு, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்த வேண்டும்.
இனிப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். ஒவ்வாமை இருந்தால் மேசை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையலறையில் மாற்றுச் செய்வது கடினம். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டும், சென்ட் அடித்துக்கொண்டும் போகாதீர்கள், பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது. பட்டினியாகவும் போகாதீர்கள்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பசித்தவனுக்கு மூன்றாவது தட்டிலேயே கோபம் வந்துவிடும். படம் எடுப்பதானால் ஒன்று போதும். மொறுமொறுப்பாக வந்தது, நீங்கள் கோணம் பார்த்து முடிப்பதற்குள் நமத்துப்போகும். சாதம் கேட்பதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை.

தஞ்சாவூரான்:
மல்லிகையைப் பற்றி நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. தாத்தாவின் உள்ளங்கை ரசம் பற்றிப் படித்ததும் நண்பனைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்றைய பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அறுவடை முடிந்ததா என்று மட்டும் கேட்டேன். முடிந்தது என்றான். வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டான், புது அரிசி ஒரு சிப்பம் அனுப்புகிறானாம்.