பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் பழைய மருந்து ஸ்டோர்: யாரிடம் எழுதிக் கொடுப்பது?

மஸ்கெலியாப் பையன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எங்கள் டிவிசனில் புல்லுக்கு அடிக்கிற மருந்து வைத்திருந்த பழைய ஸ்டோர் ஒன்று இருக்கிறது. பல வருசமாகப் பூட்டிக் கிடக்கிறது. கருங்கல் சுவர், மேலே அஸ்பெஸ்டஸ் சீட். போன மழையில் பின் மேட்டிலிருந்து மண் சரிந்து சுவரில் மோதியதில் மூலையிலிருந்து ஜன்னல் வரை வெடிப்பு விட்டிருக்கிறது. சீட் இரண்டு உடைந்து கீழே கிடக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் துருப்பிடித்த டிரம்களும் லேபல் உரிந்த கேன்களும் தெரிகின்றன. வெயில் ஏறினால் நெடி பாதை வரை வருகிறது.

பிள்ளைக் காம்பரா அதற்கு அடுத்த கட்டிடம். காலையில் கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போகிறார்கள். கீழே இருக்கிற பீலியில்தான் இரண்டு லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) குடிதண்ணீர் பிடிக்கிறது.

கணக்கப்பிள்ளையிடம் சொன்னோம், சங்கத் தலைவரும் தொரையிடம் (தோட்ட மேலாளர்) சொன்னார். "பார்ப்போம்" என்பதோடு சரி. அரசாங்கத்தில் யாரிடம் போவது? இன்னொரு பயமும் இருக்கிறது. அம்மா இன்னும் பேர் பதிந்த தொழிலாளி, வீடும் தோட்டத்து வீடு. நான் எழுதினால் அது அம்மா மேல் விடியுமோ?

ஓய்வுபெற்ற ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) எழுதுகிறார்:

தம்பி, உங்கள் விசயம் மூன்றாகப் பிரியும். மூன்றுக்கும் ஆட்கள் வேறு வேறு.

முதலில் மண். மேடு சரிந்து சுவரைத் தள்ளுகிறது என்றால் அதைப் பார்க்க வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள், அவர் அவர்களைக் கூப்பிட்டுக் கள ஆய்வு கேட்க முடியும். மழை நேரத்தில் வெடிப்பு அகன்றாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 117க்கு அடியுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையம். பிள்ளைகளையும் உடனே அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது மருந்து. பிள்ளைகளும் குடிதண்ணீரும் சம்பந்தப்பட்டிருப்பதால் பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) போங்கள், சுகாதார வைத்திய அதிகாரிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். என் அனுபவத்தில் இந்த வழிதான் சீக்கிரம் நகரும். டிரம் கசிந்து மண்ணிலும் தண்ணீரிலும் இறங்குவது மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குரிய விசயம். கேன்களில் என்ன இருக்கிறதென்று பேராதனை கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தையும் கேட்கலாம். பரகுவாட் என்கிற புல் மருந்து போன்றவை இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டவை. பழைய ஸ்டோர்களில் அப்படிப்பட்டது மிச்சம் கிடந்தால் ஆச்சரியமில்லை.

மூன்றாவது கட்டிடம். "தோட்டத்துக்குள் நாங்கள் வர முடியாது" என்று பிரதேச சபையில் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் வேலை செய்ய இடைஞ்சலாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். எதுவும் நடக்காவிட்டால் பொலிஸ் ஊடாக நீதவான் நீதிமன்றம் போகவும் வழி இருக்கிறது. இடிந்து விழக்கூடிய கட்டிடத்தை அகற்றச் சொல்லிக் கட்டளையிட குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது.

எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழிதான். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பண்டாரவளை அக்கா எழுதுகிறார்:

ஜீ.எஸ். ஐயா சொன்ன முதல் விசயத்தைத் தயவுசெய்து கடைசிக்குத் தள்ளாதீர்கள் தம்பி. நான் கொஸ்லந்தைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனம் லயத்திலேயே இருந்தது. அதனால் கடிதம் கொடுத்தாயிற்று என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பிள்ளைக் காம்பராவை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி இன்றைக்கே தனியாகக் கேளுங்கள். கோயில் மண்டபமோ வாசிகசாலையோ போதும்.

உடைந்த சீட்டைக் கூட்டிப் பெருக்க வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பொலித்தீனால் மூடிவையுங்கள். கோழிக்கூட்டுக்கு என்று யாரும் தூக்கிக்கொண்டு போகவும் விடாதீர்கள். கேன்களைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, அதையும் வீடு வீடாகச் சொல்லுங்கள்.

மஸ்கெலியாப் பையன்:

ரொம்ப நன்றி ஐயா, அக்கா. வாசிகசாலைச் சாவி தலைவரிடம்தான் இருக்கிறது, இன்று பின்னேரம் கேட்கிறேன். அம்மா விசயத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஜீ.எஸ்.:

தனிப் பேரில் எழுத வேண்டாம் தம்பி. "பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளை விடும் பெற்றோர்" என்று தலைப்புப் போட்டு, எத்தனை பேர் முடியுமோ அத்தனை பேரிடமும் கையொப்பம் வாங்குங்கள். இரண்டு மூன்று சங்கம் இருந்தால் எல்லாத் தலைவர்மாரும் வைக்கட்டும், அப்போது ஒரு வீட்டை மட்டும் பிடிக்க முடியாது. கடிதத்தில் யாரையும் திட்டாதீர்கள். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், பீலி எத்தனை அடி கீழே, அவ்வளவுதான். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். உள்ளே மட்டும் போகாதீர்கள், படம் ஜன்னலுக்கு வெளியிலிருந்தே போதும்.

பதில் வராமல் இழுத்தால், "எங்கள் முறைப்பாட்டின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். கடித நகலை இங்கே போடுங்கள், அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.