கொலன்னாவையில் சேறு அள்ளப் போனோம்: திருகோணமலை மாணவர்களின் அனுபவங்கள்

நிலாவெளியிலிருந்து:

கொழும்புப் பக்கம் தொண்டுக்குப் போகத் திட்டமிட்டிருக்கும் தம்பி தங்கைகள், முன்பு போனவர்கள் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் போன பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். திருகோணமலை மாவட்டத்தின் மற்ற இடங்களிலிருந்து என்னோடு வந்தவர்களும் எழுதட்டும்.

அந்த மே நடுவில் பெய்த மழையில் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலைப் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. பெரும்பாலும் தாழ்ந்த நிலம். பல இடங்கள் முன்பு சதுப்பாகக் கிடந்து, மண் நிரப்பி வீடு கட்டியவை. ஏறிய தண்ணீருக்கு வடிய வழியில்லாமல் நாட்கணக்கில் நின்றது. மே 21 வெசாக், பௌத்தர்களின் பெருநாள். அது கழிந்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் நாங்கள் இரவு ரயில் ஏறினோம். தண்ணீர் நிற்கும்போது தேவைப்படுவது படகும் நீச்சல் தெரிந்தவர்களும். அதைக் கடற்படையும் இராணுவமும் பார்த்தன. மாணவர்களுக்கு வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் செய்திக்காரர்களும் நிவாரண லொறிகளும் குறைந்துவிடும், வீட்டுக்குள் சேறு மட்டும் அப்படியே இருக்கும்.

போனதும் கிராம சேவகரைத்தான் (ஊர் மட்ட அரச அலுவலர்) முதலில் பார்த்தோம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளை அவரே சொன்னார். இப்படிப் போனால் ஒரே வீட்டுக்கு மூன்று குழு போய், அடுத்த வீட்டுக்கு ஒருவரும் போகாத நிலை வராது.

எனக்கு மறக்க முடியாத வீடு, ஒழுங்கையின் கடைசியில் இருந்த ஒரு சிங்கள அம்மாவின் வீடு. தனி ஆள், தையல்தான் தொழில். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. நாங்கள் போகும்போது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வெளியே வீதியோரத்தில் அக்கம்பக்கத்தாரின் மெத்தை, அலுமாரிப் பலகை, அரிசி மூட்டை எல்லாம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. குப்பை லொறி வந்துகொண்டிருந்தது.

உள்ளே தையல் மெஷின் சேற்றில் சரிந்து கிடந்தது. பலகை ஊதி வெடித்துவிட்டது. எங்களோடு வந்த ஒருவன் நல்ல எண்ணத்தோடுதான் அதைத் தூக்கி லொறிக்குக் கொண்டுபோகப் பார்த்தான். நான் மறித்தேன். எனக்கு அது பழைய நோவு. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டைத் துப்புரவாக்க வந்தவர்கள், அம்மா எங்களோடு முகாமில் இருந்த நேரம், அவருடைய மெஷினைக் குப்பையோடு ஏற்றிவிட்டார்கள். அவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் அம்மா அடுத்த மெஷின் வாங்க எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று அருகிலிருந்து பார்த்தவன் நான்.

சரி, மெஷினை வெளியே எடுத்து, பலகையிலிருந்து தலைப்பகுதியைக் கழற்றினோம். நல்ல தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, துணியால் துடைத்து, காற்றில் உலரவிட்டோம். அப்புறம் பொபின் கூட்டுக்குள்ளும் ஊசித் தண்டிலும் மண்ணெண்ணெய் விட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷால் மண்ணை எடுத்தோம். கைச்சில்லு முதலில் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊறியதும் கரகரவென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றத் தொடங்கியது. அந்த அம்மா எழுந்து வந்து, எங்கள் கையை விலக்கிவிட்டுத் தானே சுற்றிப் பார்த்தார். மெஷின் எண்ணெய் வாங்கி வந்து விட்டோம். பலகை போனது போனதுதான், இரும்பு பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம்: வீட்டுக்காரர் "இது வேண்டாம்" என்று வாயால் சொல்லாமல் ஒரு கரண்டிகூட வெளியே போகக் கூடாது. வேலை மெதுவாகும், உண்மைதான். ஒரு நாளில் முடிக்கும் வீட்டுக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். இதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதமும் நடந்தது, நிறைய வீடு செய்வதா, ஒரு வீட்டை ஒழுங்காகச் செய்வதா என்று. நான் இன்றைக்கும் இரண்டாவது பக்கம்தான்.

கிண்ணியாவிலிருந்து:

அண்ணா மெஷினைப் பற்றி எழுதியதால் நான் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

வெல்லம்பிட்டியில் பள்ளிவாசல்களில் பெரிய சட்டிகள் வைத்துச் சமைத்தார்கள். யார், எந்த மதம் என்று ஒரு கேள்வி இல்லை. நாங்கள் ஐந்தாறு பேர் காலையில் சேறு அள்ளுவதற்கு முன்பு அங்கே போய் வெங்காயம் உரித்துக் கொடுத்தோம். அங்கே சமையலுக்குப் பொறுப்பாக நின்ற ஒரு நானா (முஸ்லிம் அண்ணர்), நான் கிண்ணியா என்றதும் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார். 2005 தொடக்கத்தில் அவர் ஒரு நிவாரண லொறியோடு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். லொறியைப் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவையில்) ஏற்றி அக்கரைக்குக் கொண்டுவர வரிசையில் காத்துக் கிடந்ததையும், கடல் அடித்துப்போன எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்ததையும் சொன்னார். சுனாமி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அந்த லொறிகளில் வந்த உடுப்புகளில் ஒன்றை நான் போட்டிருக்கிறேன், எந்த லொறி என்று யாருக்குத் தெரியும்.

அவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். "மகன், பார்சலைக் கொடுக்கும்போது ஃபோட்டோ எடுக்காதீங்க. வாங்குறவங்க நேற்று வரைக்கும் கொடுத்தவங்க." அந்த ஒழுங்கையில் ஒரு குழு வந்து, ஆட்களை வரிசையில் நிறுத்தி, கேமராவைப் பார்க்கச் சொல்லிப் பார்சல் கொடுத்ததை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ஒரு வயதானவர் பார்சலை வாங்காமலே திரும்பிப் போனார். நாங்கள் எடுத்த படம் எல்லாம் சேற்றையும் சுவரையும்தான்.

உவர்மலையிலிருந்து:

பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதா என்று இந்த முறையும் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். கட்டாயம் போக வேண்டும். காரணம் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் தாயும் மூன்று பெண் பிள்ளைகளும். அண்ணாமார் போய்க் கேட்டபோது "உதவி ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள். நானும் தோழியும் போய்க் கதைத்த பிறகுதான் கதவு திறந்தது. உள்ளறையில் அலுமாரி முழுக்க நனைந்த உடுப்பு, உள்ளாடை எல்லாம் சேற்றோடு. அதை வெளி ஆண்கள் அள்ளுவதை எந்தத் தாய் விரும்புவாள்? நாங்கள் இருவரும் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து அலசிப் பிழிந்தோம். மாதவிடாய்த் துணி, நாப்கின் எந்த நிவாரணப் பொதியிலும் இருக்கவில்லை. அதையும் எங்களிடம்தான் வாய்திறந்து கேட்டார்கள். இந்த முறை போகிறவர்கள் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போங்கள்.

மூத்த பிள்ளைக்கு அந்த ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை. தமிழ் மொழிமூலம், உயிரியல் பிரிவு. கொப்பிகள் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. அவள் அழவில்லை, அதுதான் எங்களுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. பேனா மை எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது, பென்சில் எழுத்தும் படங்களும் தெரிந்தன. நடுவில் பழைய தாள் வைத்து நிழலில் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு நொறுங்கும். திருமலைக்கு வந்ததும் எங்கள் குழுவில் உயிரியல் படித்தவர்கள் எல்லோரும் தங்கள் பழைய கொப்பிகளைத் தேடி எடுத்துப் பிரதி எடுத்தோம். கொழும்பு பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டோம். அவள் பரீட்சை எழுதினாள். இப்போதும் பெருநாளைக்கு எனக்குச் செய்தி அனுப்புவாள்.

படங்கள் பற்றியும் ஒன்று. கல்யாண அல்பம் நனைந்து ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தால் படங்கள் மெல்லக் கழன்று வரும். பிறகு படப்பக்கம் மேலே இருக்க நிழலில் பரப்பி வையுங்கள். காணி உறுதி போய்விட்டால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம், பரீட்சைச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களம் இருக்கின்றன. அம்மா அப்பாவின் கல்யாணப் படத்துக்கு எந்தத் திணைக்களத்துக்குப் போவது? அதனால் முதலில் படப்பெட்டியைத் தேடுங்கள்.

கந்தளாயிலிருந்து:

சிங்களம் கதைக்கத் தெரிந்ததால் என்னை எல்லா வீட்டுக்கும் இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். நான் சேறு அள்ளியதைவிட "மல்லி (தம்பி), இங்கே வா" என்று கூப்பிட்ட அம்மாமாரின் கதையைக் கேட்டுக்கொண்டு நின்ற நேரம்தான் கூட. குழுவில் அப்படி இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

இதை எழுதாமல் விட முடியாது. நாங்கள் துப்புரவாக்கிய வீடுகளில் சில, மீதொட்டமுல்லை குப்பைமேட்டுக்குப் பக்கத்தில். அந்தக் கறுப்புத் தண்ணீரின் மணம் குளித்த பிறகும் போகாது. மேட்டைக் காட்டி, "இது ஒரு நாள் எங்கள் மேல் விழும்" என்று அங்கிருந்த ஒரு ஐயா சொன்னார். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், அது சரிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். செய்தி கேட்டதும் எங்களிடம் இருந்த எல்லா நம்பருக்கும் மாறி மாறி எடுத்தோம். எங்களுக்குத் தெரிந்த அந்த ஐயாவின் குடும்பம் தப்பியிருந்தது. வெள்ளம் இயற்கை என்று சொல்லலாம். ஊரின் குப்பையை எல்லாம் ஏழைகளின் வீட்டுக்குப் பக்கத்தில் மலையாகக் குவித்தது மனிதர்கள். இதைச் சொல்லக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும்.

நிலாவெளியிலிருந்து:

தங்கச்சி ஒருவர் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கம்பூட்ஸ், தடித்த கையுறை, தும்புத்தடி. மண்வெட்டியும் வாளியும் அங்கேயே வாங்கி, வரும்போது அந்த ஒழுங்கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக உடம்புக்குள் போகும். போகும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ டொக்டரிடமோ தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வீட்டுக்குள் போனதும் முதலில் மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சேறு காய்வதற்குள் அள்ளிவிடுங்கள், காய்ந்தால் சீமெந்து மாதிரி இறுகிவிடும். நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்த ஃபிரிட்ஜைத் திறக்காமல், கயிற்றால் கட்டி அப்படியே வெளியே எடுங்கள்.

உங்கள் சாப்பாட்டையும் படுக்கையையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு கோவில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பாதிக்கப்பட்ட வீட்டில் தேத்தண்ணி தந்தால் மட்டும் மறுக்காமல் குடியுங்கள். அந்தத் தையல்கார அம்மா கடையில் கடன் சொல்லிச் சீனி வாங்கி எங்களுக்கு ஊற்றித் தந்தார். வேண்டாம் என்று சொன்ன ஒருவனோடு மத்தியானம் வரை கதைக்கவே இல்லை.

யார் யார் போகிறீர்கள், எந்தக் கிழமை என்று முடிவானதும் சொல்லுங்கள். கந்தளாய்க்காரரையும் உங்களோடு கதைக்க வைக்கிறேன்.